மான் துரத்தாத நாய்

ஜிம்மி மான் துரத்துவதை எந்த மாதத்தில் நிறுத்தினான் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

திருகோணமலைக்கு வராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே நகரத்துக்குள் புள்ளிமான்கள் ஊர் மாடுகள் மாதிரித் திரியும். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும் நிற்பவை, பொழுதுபட்டதும் வீதிக்கு இறங்கிக் கடைவாசல், கடற்கரை, குப்பைமேடு என்று ஒரு சுற்றுப் போய்வரும். எங்கள் ஒழுங்கைக்கும் வரும். கேற்றுக்கு மேலால் கழுத்தை நீட்டிச் செவ்வரத்தம் பூவைத் தின்னும். ஜிம்மிக்கு அது பொறுக்காது. படுத்த இடத்திலிருந்து ஒரே பாய்ச்சல். விறாந்தைப் படி மூன்றிலும் கால் படாமலே முற்றத்தில் நிற்பான். மான் ஒழுங்கை முனையைத் தாண்டிய பிறகும் ஐந்து நிமிஷம் குரைத்துவிட்டுத்தான் திரும்புவான்.

ஒரு கட்டத்தில் அது நின்றுபோனது. மான் வந்தால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்து ஒரு 'வள்'. அவ்வளவுதான். அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். "இப்பதான் அவனுக்குப் புத்தி வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னார். சாய்மனைக் கதிரையில் ஏறிப் படுக்கும் பழக்கத்தையும் விட்டிருந்தான். அதற்காக எத்தனை தரம் விளக்குமாற்றால் அடி வாங்கியவன்! நல்ல பிள்ளையாகிவிட்டான் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களெல்லாம் அவனுக்கு இடுப்பு நோ.

ஜிம்மி 2012 இல் வந்தவன். மீன் சந்தைக்குப் பின்னால் கிடந்த குட்டி. அக்காவின் மகன் அவனுக்கு டைகர் என்று பெயர் வைக்க நின்றான். போர் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஒழுங்கையில் நின்று அந்தப் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட அம்மா சம்மதிக்கவில்லை. ஆகவே ஜிம்மி.

2023 மாரி மழையில்தான் எனக்கு முதல் சந்தேகம். காலையில் எழும்பும்போது முன்னங்கால்களை ஊன்றி, பின்பாகத்தை இழுத்து எடுத்து, என்னவோ யோசிப்பவன் போல ஒரு கணம் நிற்பான். முதல் பத்து அடி மரக்கட்டை நடை. கேற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் சரியாகிவிடும். அந்தச் 'சரியாகிவிடும்'தான் எங்களை ஏமாற்றியது. மூட்டுவாதத்தின் குணமே அதுதானாம்: படுத்திருந்தால் இறுகும், நடந்தால் இளகும், அளவுக்கு மீறி நடந்தால் அடுத்த நாள் வட்டியோடு வாங்கும். மலம் கழிக்கக் குந்தும்போது கால் நடுங்கி இரண்டு மூன்று இடம் மாறுவான். தார் வீதியில் பின்கால் நகம் உரசும் சத்தம் கேட்கும். தொடைச்சதை வற்றித் தோள் தடித்து, முன்னால் காளையும் பின்னால் கன்றுமாக இருந்தான். ஆனால் ஒரு நாளும் கத்தவில்லை.

ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே பார்த்துவிட்டு, "வயசு போச்சுத்தானே" என்றார். சரி என்று திரும்பிவிட்டேன். சொன்னவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். அவருடைய முழங்காலுக்கு யாராவது இதே வைத்தியம் சொன்னால் எழும்பிப் போயிருப்பாரா என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

அப்புறம் நடந்ததை எழுத அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அம்மாவுக்கும் முழங்கால் வாதம். நோ கூடும் நாளில் போட டைக்லோஃபெனாக் 50 மில்லிகிராம் வில்லைகள் வைத்திருப்பார். நான் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அவரும் ஜிம்மியும்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கையூன்றி, காலூன்றி எழும்புவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஒரு நாள் வில்லையைப் பாதியாக உடைத்து, அவித்த சூடை மீனுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார். அன்று பின்னேரம் ஜிம்மி துள்ளி நடந்தான். வேலை செய்ததால்தான் ஆபத்து. அடுத்த நாளும் கொடுத்தார், அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் சாப்பாட்டை மணந்துவிட்டு விலகினான். இரவு சத்தி. விடிய முற்றத்தில் தார் மாதிரிக் கறுப்பாக மலம்.

"அவனுக்கும் கால்தானே பிள்ளை நோகுது. நான் போடுறதில பாதிதான் குடுத்தனான்" என்று அம்மா அழுதார்.

ஓட்டோ பிடித்து இந்தத் தரம் வேறொரு மிருக வைத்தியரிடம் ஓடினோம். சிங்களப் பெண்மணி, இங்கே வேலைக்கு வந்து பழகிய தமிழ். அம்மா சொல்லத் தயங்குவதைக் கண்டதும், "குடுத்தத மறைக்காதீங்க அம்மா, நான் ஏச மாட்டேன்" என்றார். கறுப்பு மலம் என்றால் இரைப்பையிலோ சிறுகுடலிலோ இரத்தம் கசிந்து சமித்து வருகிறது என்று அர்த்தமாம். இந்த வகை நோ மருந்துகள் வீக்கத்தை உண்டாக்கும் சுரப்பைத் தடுக்கின்றன. அதே குடும்பச் சுரப்புத்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு இரத்தம் ஓட வைக்கிறது. மனிதர் தாங்கும் அளவே நாய்க்குப் புண் போடப் போதும். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டுமே நாய்க்கு ஆகாதவை. பாரசிட்டமோல் வேறு வழியால் கெடுக்கும்; பூனை என்றால் ஒரே ஒரு வில்லையே உயிரை எடுத்துவிடக்கூடும். வீட்டில் பூனை இருப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது மறக்க வேண்டாம்.

இடையில் ஒரு பறவைக் கதை. இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்தாகச் செத்து விழுந்ததற்குக் காரணம் இதே டைக்லோஃபெனாக்தான். மாட்டுக்குப் போட்ட மருந்து செத்த மாட்டின் உடலில் தங்கியிருக்க, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. ஒரு இனம் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோனது. 2006 இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடைசெய்தன. அதற்குப் பதிலாகக் கழுகுக்குக் கேடில்லை என்று கண்டுபிடித்த மருந்து மெலொக்சிகம். கடைசியில் ஜிம்மிக்கும் அதுவே வந்து சேர்ந்தது.

ஆனால் உடனே வரவில்லை. இரண்டு நாள் சேலைன், வயிற்றுப்புண் மருந்து, சிறுநீரகம் பார்க்க இரத்தப் பரிசோதனை. தப்பினான். "ரெண்டு கிழமைக்கு நோவுக்கு ஒண்டும் குடுக்க மாட்டேன், வயிறு ஆறட்டும்" என்றார் டொக்டர். மருந்து இல்லாத அந்த இரண்டு கிழமைதான் எங்களுக்கு இந்த நோயைப் படிப்பித்தது.

முதலில் இது வாதம்தானா என்று பார்க்க வேண்டும் என்றார். நம் ஊரில் நாய் நொண்டினால் உண்ணியையும் நினைக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் மூட்டுகளுக்குள் வீக்கத்தை ஏற்படுத்தி, இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு இன்னொரு கால் என்று மாறி மாறி நொண்ட வைக்கும். அதற்கு வேண்டியது நோ மருந்தில்லை, நாலு கிழமை டொக்ஸிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக். ஜிம்மியின் இரத்தத்தில் அது இல்லை. பிறகு டொக்டர் சம்மணமிட்டு நிலத்தில் இருந்து அவனுடைய பின்காலை மெதுவாகப் பின்னுக்கு நீட்டினார். ஜிம்மி கத்தவில்லை, கடிக்கவில்லை. தலையைத் திருப்பி அவருடைய கையைப் பார்த்தான். நாக்கால் உதட்டை நக்கினான்.

"இதுதான் இவர்ட சத்தம்" என்றார்.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த உதடு நக்கலை நாங்கள் எத்தனை மாதமாகப் பார்த்திருக்கிறோம். பசி என்று நினைத்துப் பிஸ்கட் போட்டிருக்கிறோம்.

பிறகொரு நாள் எக்ஸ்ரே எடுக்க வான் பிடித்து, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குப் போய்வந்தோம். இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன. முதுகெலும்பின் அடியிலும் எலும்பு வளர்ந்து மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. படத்தில் மோசமாகத் தெரியும் நாய் ஓடித் திரியும், படத்தில் சுமாராகத் தெரிவது எழும்பாமல் கிடக்கும். ஆகவே படத்தை விட நடையைப் பாருங்கள் என்றார்கள். போய்வந்த களைப்பில் அவன் இரண்டு நாள் படுத்தான், நான் மூன்று நாள்.

எங்கள் டொக்டர் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "வீட்டில டைல்ஸா?" என்பதுதான்.

டைல்ஸ்தான். 2019 இல் கனடாவிலிருந்து அண்ணா காசு அனுப்பி, பழைய சிவப்புச் சீமெந்துத் தரையை உடைத்துப் போட்டது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. அம்மா நாளுக்கு இரண்டு தரம் துடைப்பார். அந்தத் தரையில் ஜிம்மியின் பின்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம், சிரித்துமிருக்கிறோம். ஒவ்வொரு வழுக்கலுக்கும் இடுப்பு மூட்டு இழுபடுகிறது. விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் நாய் நடப்பதையே குறைக்கிறது. நடை குறையச் சதை வற்றுகிறது. சதை வற்ற மூட்டுக்குச் சுமை கூடுகிறது.

ஆகவே வீட்டுக்குள் ரோட்டுப் போட்டோம். அவன் படுக்கும் மூலையிலிருந்து சாப்பாட்டுக் கோப்பைக்கு, அங்கிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து அம்மாவின் கதிரையடிக்கு. அடியில் ரப்பர் பிடித்த தும்புக் கால்மிதிகளை வரிசையாக விரித்தோம். ரப்பர் இல்லாத கால்மிதி நாயோடு சேர்ந்து வழுக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு நாள் செலவானது. "வீடு கடை மாதிரிக் கிடக்கு, ஆக்கள் வந்தா என்ன நினைப்பினம்" என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் மூன்றாம் நாளே ஜிம்மி அந்த ரோட்டில் மட்டும் நடக்கப் பழகிவிட்டான். சந்தியில் நின்று திரும்புவான். உள்ளங்கால் மெத்தைகளுக்கு இடையில் வளர்ந்த மயிரை வெட்டினேன், நகத்தைக் குறுக்கினேன்; அதுவும் பிடிப்புக்கு உதவியது. விறாந்தைப் படிக்குப் பழைய கதவுப் பலகையைச் சரிவாக வைத்துச் சாக்கு அடித்தோம். ஒரு கிழமை அதை அவமானமாக நினைத்து, சுற்றிப் போய்ப் படியிலேயே இறங்கினான். பலகையின் நடுவில் ஒரு மீன் தலை வைத்தேன். மானம் போய்விட்டது.

அடுத்தது நிறை. அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் தட்டுத் தராசில் ஏற்றினேன். முதலாளி, "கிலோ என்ன விலை போடட்டும்?" என்று கேட்டார். 23 கிலோ. அவனுடைய உடம்புக்கு 18, 19 இருந்தால் போதும் என்றார் டொக்டர். கொழுத்த நாய்க்கு ஆறு சதவீதம் நிறை குறைந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியக் குறையுமாம். ஜிம்மியின் கணக்கில் அது 1.4 கிலோ. நாலு கிலோ என்று மலைத்தவளுக்கு இந்த 1.4 தெம்பாக இருந்தது. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்வாசி குறைவாகச் சாப்பாடு போட்டு வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002 இல் வெளிவந்தது. குறைவாகத் தின்றவற்றுக்கு வாதம் பிந்தி வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கூடுதலாகவும் வாழ்ந்தன. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம் அந்த நாயள்" என்றார்.

எதிரி சோறு என்று நினைத்தேன். இல்லை, மாரி பிஸ்கட். காலைத் தேத்தண்ணிக்கு மூன்று, பின்னேரத் தேத்தண்ணிக்கு மூன்று, அம்மாவின் கையிலிருந்து. பன்னிரண்டு வருஷச் சடங்கு அது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த பூசணித் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு அம்மாவின் பக்கத்தில் வைத்தேன். கை நீட்டுவதும் வாங்குவதும் அப்படியே இருந்தன. சோற்றைப் பாதியாக்கி, அவித்த சூடையும் பீர்க்கங்காயும் கூட்டினேன். மீன் எண்ணெய் மூட்டு வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். கடலோரத்தில் இருப்பவளுக்கு அதைப் போத்தலில் வாங்கத் தேவையில்லை. மிச்சக் கறி ஊற்றிய சோறு மட்டும் இல்லை, வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஏழு மாதத்தில் 19.5 கிலோ.

இரண்டு கிழமை முடிந்து மெலொக்சிகம் தொடங்கினோம். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் நாளைத் தவிர, நாய்க்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான். 23 கிலோ ஜிம்மிக்கு 2.3. பார்மசியில் மனிதருக்கு விற்கும் சிறிய வில்லையே 7.5 மில்லிகிராம், மூன்று மடங்குக்கும் மேல். "அதே மருந்துதானே" என்று உடைத்துக் கொடுக்கும் கை எப்படித் தவறும் என்று இப்போது விளங்கியது. நாய்களுக்கென்று வரும் திரவத்தை ஊசிக்குழாயில் அளந்து, சாப்பாட்டோடு கொடுக்கிறோம். சாப்பிடாத நாளில் மருந்தும் இல்லை. சத்தி, வயிற்றோட்டம், கறுப்பு மலம் கண்டால் அந்த நிமிஷமே நிறுத்திவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலும் சிறுநீரகமும் பார்க்க இரத்தம் எடுக்கிறோம். நிறை குறைந்த பிறகு அளவும் குறைந்தது. கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கிக்கூடப் பார்த்தோம். மாரி இரவுகளில் படுக்கை கொள்ளாமல் மூச்சிரைத்து எழும்பி எழும்பிப் படுப்பான். அதற்கு டொக்டர் கபாபென்டின் என்ற நரம்பு நோ மருந்துக் காப்சூலைச் சேர்த்தார். அதன் திரவ வகை சிலவற்றில் சைலிடோல் என்ற இனிப்பு இருக்கும், நாய்க்கு அது நஞ்சு.

பக்கத்து ஒழுங்கை நாய்க்கு ஸ்டீரொய்ட் ஊசி போட்டு ஒரே நாளில் ஓடியதாம். நமக்கும் அதைப் போடுவோமா என்று கேட்டுப் பார்த்தேன். மெலொக்சிகம் குடிக்கிற நாய்க்கு அதையும் சேர்த்துப் போட்டால் வயிற்றில் திரும்பவும் புண்தான் என்றார் டொக்டர். பேச்சு அதோடு முடிந்தது.

2022 இல் நாட்டில் மனிதருக்கே மருந்து இல்லாமல் அலைந்ததை மறக்க முடியவில்லை. எப்போதும் ஒரு போத்தல் மேலதிகமாக வாங்கி வைக்கிறேன். பயம்தான், வேறென்ன.

கனடா அண்ணா கிழமைக்கு ஒரு இணைப்பு அனுப்புவார். மாதம் ஒரு ஊசி போடுகிறார்களாமே, நோவைக் கடத்தும் நரம்பு வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்குமாமே என்று. பெட்இன்வெட்மாப் என்று அதற்குப் பெயர். ஐரோப்பாவில் 2020 இலும் அமெரிக்காவில் 2023 இலும் அனுமதி கிடைத்தது. பல நாய்களுக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் சில பக்கவிளைவுகளைச் சொல்லி மிருக வைத்தியர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தை நான் அண்ணாவுக்கு அனுப்பினேன். அவர் மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமின் போத்தல் இரண்டு அனுப்பிவிட்டார். அதற்கு ஆதாரம் மெலிது. கெடுதலும் பெரிதாக இல்லை. ஒன்றை ஜிம்மி தின்கிறான், மற்றதை அம்மா.

எனக்கு இதிலெல்லாம் பிடித்தது கடல். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை உப்புவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். தண்ணீர் நாயின் இடுப்பு மட்டத்துக்கு வந்தால் உடல் நிறையில் 38 சதவீதம்தான் கால்களில் இறங்கும் என்று அளந்திருக்கிறார்கள். முழங்கால் மட்டம் என்றால் 85. ஆகவே கணுக்கால் நனைக்கப் போவதில் பயனில்லை, இடுப்பு வரை இறங்க வேண்டும். ஞாயிறும் புதனும் ஐந்தரைக்கே ஓட்டோவில் ஏற்றிப் போவேன். நானும் பக்கத்தில் குனிந்து, வயிற்றுக்குக் கீழ் ஒரு பழைய சாரத்தைத் தொட்டில் மாதிரிப் பிடித்துக்கொண்டு கரையோரமாகப் பத்து நிமிஷம் நடத்துவேன். வெள்ளைக்காரர் படம் எடுப்பார்கள். உப்புத் தண்ணீர் குடித்தால் வயிற்றோட்டம் பிடிக்கும் என்பதால் குடிக்க நல்ல தண்ணீர் கொண்டு போவேன். வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் அலசித் துடைப்பேன். மற்ற நாட்களில் காலையும் மாலையும் பதினைந்து நிமிஷ நடை, தார் சுட முன்னர். முன்பெல்லாம் கிழமை முழுக்கக் கட்டிவைத்துவிட்டு ஞாயிறில் டச் பே முனைவரை ஒரு மணித்தியாலம் இழுத்துப்போவேன். அதுதான் கெட்ட வழக்கமாம்.

ஐப்பசியில் வாடை திரும்பினால் கடல் சரிவராது. முதல் மாரியில் அம்மா கன்னியாவைச் சொன்னார். அம்மம்மாவின் அந்தியேட்டிக்குப் போனபோது அந்த ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் அள்ளி ஊற்றியதில் முழங்கால் நோ ஒரு கிழமை எட்டிப் பார்க்கவில்லையாம். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடத்தில் நாயைக் குளிப்பாட்ட முடியாது என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆகவே தண்ணியைக் கானில் நிரப்பிக் கொண்டுவருவோம் என்றார். வீடு வந்து சேர அது வெறும் தண்ணியாகத்தான் இருக்கும் என்றேன். கடைசியில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, ஜிம்மியின் இடுப்பில் பத்து நிமிஷம் ஒத்தடம் கொடுக்கிறார். கண்ணைச் செருகிக்கொண்டு கிடப்பான். பிறகு அதே முடிச்சுத் தன் முழங்காலுக்கு. தைலம் பூச மட்டும் நான் விடுவதில்லை, நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடுவான்.

டொக்டர் சொல்லி ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். எழும்ப எடுத்த நேரம், பலகையால் இறங்கினானா, சாப்பாட்டை முடித்தானா, வாசலுக்கு வந்து வரவேற்றானா. கெட்ட நாளுக்குச் சிவப்புப் புள்ளி. "சிவப்பு கூடிச்செண்டா வாங்க, அப்ப வேற கதை கதைப்பம்" என்றிருக்கிறார். அந்த வேறு கதை என்னவென்று மூன்று பேருக்கும் தெரியும். போன மார்கழியில் பதினொரு சிவப்பு. தை மாதம் ஆறு. இப்போது கடல் ஆறிக் கிடக்கிறது, இந்த மாதம் இரண்டு.

போன வெள்ளி இரவு அம்மா பத்திரகாளி கோயிலுக்குப் போய்வந்து கேற்றைச் சாத்தாமல் விட்டுவிட்டார். மான் ஒன்று முற்றத்துக்குள்ளேயே வந்து செவ்வரத்தையில் வாய் வைத்தது. ஜிம்மி தலையைத் தூக்கினான். முன்னங்காலை ஊன்றினான். பின்பாகத்தை இழுத்தெடுத்து, தும்பு ரோட்டால் வாசலுக்கு வந்து, பலகையால் இறங்கி, முற்றத்தில் நாலடி ஓடிக் குரைத்தான். ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன். அவன் வந்து சேருவதற்குள் மான் பூவை மென்று முடித்துவிட்டு ஆறுதலாக வெளியே போனது.

"இந்த வயசிலயும் உனக்குப் புத்தி வரேல்லையே" என்று அம்மா ஏசினார். ஏசிக்கொண்டே உள்ளே போய்ப் பிஸ்கட் டின்னைத் திறந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.